செவிலியர் கல்வியில் தலைமைப் பண்பு மதிப்பீடு: வாய்ப்பே தராமல் அளப்பது நீதியாகுமா?

செவிலியர் கல்லூரி மாணவர்களின் தலைமைப் பண்பை அளந்து மதிப்பிடுவது இன்று பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாகிவிட்டது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் அரசிதழில் வெளியிட்ட பி.எஸ்சி. நர்சிங் திருத்தப் பாடத்திட்டம், நான்காண்டுப் படிப்பை எட்டுப் பருவங்களாகப் பிரித்தது. பட்டம் பெறும் ஒவ்வொரு செவிலியரிடமும் இருக்க வேண்டிய பத்து அடிப்படைத் திறன்களையும் அது வரையறுத்தது. நோயாளியை மையமாகக் கொண்ட பராமரிப்பு, தொழில்நெறி, பாதுகாப்பு, குழுவாகப் பணியாற்றல் ஆகியவற்றோடு ‘கற்பித்தலும் தலைமையும்’ என்பதும் அப்பத்தில் ஒன்று. ஆறாம் பருவத்தில் ‘செவிலிய மேலாண்மையும் தலைமைத்துவமும்’ என்று தனிப்பாடமே இருக்கிறது.

இதில் குறை காண ஒன்றுமில்லை என்றே முதற்பார்வைக்குத் தோன்றும். மருத்துவரின் கட்டளைக்குக் காத்திருக்கும் உதவியாளராகவே செவிலியரை நடத்திய காலம் மாற வேண்டும் என்பதில் நமக்கும் உடன்பாடுதான். உலக சுகாதார அமைப்பு 2021 முதல் 2025 வரையிலான காலத்துக்கு வகுத்த செவிலியம், பேறுகால உதவி குறித்த உத்திசார் வழிகாட்டலும் கல்வி, வேலை, சேவை வழங்கல் ஆகியவற்றுடன் தலைமையை நான்கில் ஒன்றாக வைத்தது. நம் கேள்வி மதிப்பீடு நடக்கும் முறையைப் பற்றியது. தலைமைப் பண்பு என்று எது அளக்கப்படுகிறது? அளப்பவர் யார்? அளக்கப்படும் மாணவருக்கு அந்தப் பண்பை வெளிக்காட்டும் வாய்ப்பு முதலில் தரப்பட்டதா? சாதியால் கட்டமைக்கப்பட்ட ஒரு சமூகத்தின் மருத்துவமனையில் இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடாமல் மதிப்பெண் இட்டால், அந்த மதிப்பெண் பெரும்பாலும் மாணவரின் சமூகப் பின்புலத்துக்கே கிடைத்த மதிப்பெண்ணாக இருக்கும்.

மதிப்பெண்ணின் எடை

புதிய பாடத்திட்டத்தின்படி எழுத்துத் தேர்வில் 100க்கு 25 மதிப்பெண் அக மதிப்பீட்டுக்கு உரியது. செய்முறைத் தேர்வு உள்ள பாடங்களில் 100க்கு 50 மதிப்பெண் கல்லூரியின் கையில் இருக்கிறது. வார்டில் மாணவர் நடந்துகொள்ளும் விதத்தைத் தொடர்ந்து கவனித்து இடும் மதிப்பெண்களும் இதற்குள் அடங்கும். மருத்துவமனைப் பயிற்சிக்கான மதிப்பீட்டுப் படிவங்களில் நேரம் தவறாமை, தோற்றம், பேச்சுத்திறன், மனப்பாங்கு, தொழில்முறை நடத்தை, தலைமைப் பண்பு போன்ற தலைப்புகள் பொதுவாக இடம்பெறுகின்றன. ஊசி போடும் முறை சரியா தவறா என்பதைப் படிநிலைகளாகப் பிரித்துச் சரிபார்த்துவிடலாம். ‘மனப்பாங்கு’, ‘தலைமை’ என்பவற்றுக்கு அப்படிப்பட்ட படிநிலைகள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. மதிப்பிடுபவரின் மனத்தில் பதிந்த ஒரு பொதுத் தோற்றமே அங்கு மதிப்பெண்ணாக மாறுகிறது.

செய்முறைத் திறனை அளக்க உலகெங்கும் பயன்படும் ‘ஓஸ்கி’ முறையை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயைச் சேர்ந்த ரொனால்ட் ஹார்டனும் உடன் பணியாற்றியோரும் அதை அறிமுகப்படுத்தினர். தேர்வாளருக்குத் தேர்வாளர் மதிப்பெண் மாறுபடுவதைக் குறைப்பதே அதன் நோக்கம். ஒவ்வொரு மாணவரும் ஒரே நிலையங்களைக் கடந்து செல்கிறார். ஒவ்வொரு நிலையத்திலும் முன்பே எழுதிவைத்த சரிபார்ப்புப் பட்டியலின்படி மதிப்பெண் பெறுகிறார். நமது புதிய பாடத்திட்டமும் இம்முறையைச் செய்முறைத் தேர்வுக்குள் கொண்டுவந்திருக்கிறது. கையின் திறனை அளக்கும்போது தேர்வாளரின் சாய்வைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஒப்புக்கொண்ட ஒரு துறை, ஆளுமையை அளக்கும்போது அதே எச்சரிக்கையைக் கைவிடுவது முரண்பாடு. சாய்வுக்கு அதிக இடமிருப்பது ஆளுமை மதிப்பீட்டில்தான்.

அயல்நாட்டு அளவுகோல்கள்

செவிலிய மாணவர்களின் தலைமைப் பண்பு பற்றிய ஆய்வுகள் பலவும் அமெரிக்காவில் உருவான வினாப்பட்டியல்களைச் சார்ந்தே நடக்கின்றன. ஜேம்ஸ் கூசஸ், பேரி போஸ்னர் ஆகியோர் மாணவர்களுக்கென வடிவமைத்த தலைமைச் செயல்பாட்டுப் பட்டியல் அவற்றுள் பெயர்பெற்றது. அதில் 30 கூற்றுகள் உள்ளன. முன்மாதிரியாக நடத்தல், பொதுக் கனவொன்றை ஊட்டுதல், நடைமுறையைக் கேள்விக்குள்ளாக்குதல், பிறரைச் செயல்பட வைத்தல், மனங்களை ஊக்குவித்தல் என்னும் ஐந்து செயல்பாடுகளை எத்தனை முறை மேற்கொள்கிறோம் என்று மாணவரே தம்மை மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

தன்மதிப்பீட்டில் முதற்சிக்கல் தன்னம்பிக்கையைப் பற்றியது. குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த சேரிப் பெண், தான் செய்யும் பொறுப்பான செயல்களைத் ‘தலைமை’ என்று பெயரிட்டுப் பழகியவர் அல்லர். தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தது, ஊரார் ரேஷன் அட்டைக்கு மனு எழுதித் தந்தது, விடுதியில் தண்ணீர் வராதபோது தோழியரைத் திரட்டிக் காப்பாளரிடம் போனது ஆகிய எதுவும் அவருக்குச் சாதனையாகத் தோன்றாது, கடமையாகவே தோன்றும். பள்ளிக் காலம் முதல் மாணவர் மன்றத் தலைவி என்ற பட்டையைச் சட்டையில் குத்தி வளர்ந்த மாணவி அதே வினாவுக்கு உயர்ந்த மதிப்பைத் தயங்காமல் குறிப்பார்.

இரண்டாவது சிக்கல் இன்னும் கடுமையானது. அந்த ஐந்து செயல்பாடுகளில் ‘நடைமுறையைக் கேள்விக்குள்ளாக்குதல்’ தலைமைப் பண்பாகவே போற்றப்படுகிறது. நம் கல்லூரிகளில் எல்லோருடைய கேள்வியும் ஒரே பொருளில் கேட்கப்படுவதில்லை. ஆதிக்கச் சாதி மாணவி கேட்டால் அது துணிவு. அதே கேள்வியைத் தலித் மாணவி கேட்டால் ‘எதிர்த்துப் பேசுகிறாள்’, ‘கோட்டா திமிர்’ என்றாகிறது. அவர் அமைதியாக இருந்தாலோ ‘முன்முயற்சி இல்லை’ என்று குறிப்பு எழுதப்படுகிறது. பேசினாலும் பேசாவிட்டாலும் மதிப்பெண் குறையும் இந்தப் பொறியை எந்த வினாப்பட்டியலும் பதிவு செய்வதில்லை.

பணியிலேயே படிந்த சாதி

செவிலியத்தின் இந்திய வரலாற்றைச் சாதியை விலக்கிவிட்டு எழுத முடியாது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. பிறர் உடலைத் தொடுவதும், மலம், சிறுநீர், இரத்தம், சீழ் ஆகியவற்றைக் கையாள்வதும் தீட்டு என்று கருதிய சாதி இந்துக் குடும்பங்கள் நெடுங்காலம் தம் பெண்களை இப்பணிக்கு அனுப்பவில்லை. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்களும், கிறித்துவத்தைத் தழுவிய குடும்பங்களின் பெண்களுமே தொடக்க காலச் செவிலியருள் பெரும்பான்மையினர். பிளேக் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து, அந்நோயாலேயே 1897 மார்ச் 10 அன்று உயிர்நீத்த சாவித்திரிபாய் புலேயின் செயல் அக்காலத்தில் எவ்வளவு பெரிய சாதி மறுப்பு என்பதை இந்தப் பின்னணியில்தான் உணர முடியும்.

1946இல் தில்லியிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் பட்டப்படிப்பு தொடங்கிய பின்னர் இத்தொழில் மெல்ல மதிப்புப் பெற்றது. வெளிநாட்டு வேலைவாய்ப்பு திறந்தபோது எல்லாச் சாதியினரும் வரத் தொடங்கினர். ஆனால் தீட்டு மறையவில்லை. பணிகளுக்கு இடையே ஒரு படிநிலையாக மாறியது. ஊசி, மருந்து, பதிவேடு, மருத்துவருடன் சுற்று வருதல் ஆகியவை மேலே. பெட்பேன், உடல் துடைத்தல், படுக்கை மாற்றுதல் ஆகியவை கீழே. அதற்கும் கீழே தூய்மைப் பணி. அப்பணியில் இன்றும் பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்களே இருத்தப்பட்டுள்ளனர். சாதி என்பது வேலைகளைப் பிரிப்பதோடு நில்லாமல் வேலை செய்வோரையே அடுக்கடுக்காகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கியதற்கு மருத்துவமனை வார்டு இன்றும் ஓர் எடுத்துக்காட்டு.

அந்த வார்டுக்குள்தான் தலித் மாணவி பயிற்சிக்குப் போகிறார். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும், அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடும், பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் உரியது. இந்த உரிமை அவரைக் கல்லூரி வாயிலுக்குள் கொண்டுவந்து விடுகிறது. உள்ளே எந்தப் படுக்கை, எந்தப் பணி, எந்தப் பொறுப்பு அவருக்குக் கிடைக்கும் என்பதை எந்த அரசாணையும் தீர்மானிப்பதில்லை. வார்டு ஆசிரியர் அன்று காலை எழுதும் பணிப் பகிர்வுத் தாளே தீர்மானிக்கிறது.

வாய்ப்பின் கணக்கு

ஒரே வகுப்பில் பயிலும் இரு மாணவியரை எண்ணிப் பார்ப்போம். ஒருவருக்கு ஆறு வாரப் பயிற்சியில் நான்கு முறை வார்டு இன்சார்ஜ் பொறுப்பு கிடைக்கிறது. ஷிப்ட் முடிவில் அடுத்த குழுவுக்குப் பொறுப்பை ஒப்படைக்கும் ‘ஹேண்ட் ஓவர்’ அறிக்கையை அவர் வாசிக்கிறார். மருத்துவர் சுற்று வரும்போது கேஸ் ஷீட்டைக் கையில் ஏந்தி உடன் செல்கிறார். இளநிலை மாணவியருக்குச் செய்முறை விளக்கம் தருகிறார். மற்றவர் அந்த ஆறு வாரமும் படுக்கை மாற்றுவதிலும், உடல் துடைப்பதிலும், மாதிரிகளைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதிலும் கழிக்கிறார். பயிற்சியின் முடிவில் இருவரையும் ஒரே படிவத்தில் மதிப்பிடுகிறார்கள். முதலாமவர் தலைமைப் பண்பில் 10க்கு 9 பெறுகிறார். இரண்டாமவர் 5 பெறுகிறார்.

அந்த 5 பொய்யென்று சொல்ல முடியாது. இரண்டாமவர் தலைமை வகித்ததை ஆசிரியர் பார்க்கவில்லைதான். ஆனால் பார்க்காமற்போனதற்குக் காரணம் பணிப் பகிர்வு. வாய்ப்பு மறுத்தது நிறுவனம். அதன் விளைவு மாணவியின் குறையாக மதிப்பெண் பட்டியலில் ஏறுகிறது. பிற்பாடு அந்தப் பட்டியல் உயர்படிப்புக்கும், தனியார் மருத்துவமனை நேர்காணலுக்கும், ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதத்துக்கும் அடிப்படையாகிறது. பத்தாண்டுகள் கழித்து ‘மேற்பார்வைப் பொறுப்புகளில் தலித் செவிலியர் ஏன் குறைவு’ என்று கேட்டால், ‘தகுதியானவர்கள் கிடைக்கவில்லை’ என்ற விடை ஆயத்தமாக இருக்கும்.

சட்ட உதவி கேட்டு வரும் செவிலிய மாணவியரின் முறைப்பாடுகளிலும் இதே வடிவம் காணப்படுகிறது. சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள் என்று வருவோர் சிலர். ‘எனக்கு மட்டும் ஏன் எப்போதும் அந்த வேலை’ என்று கேட்டு வருவோர் அவர்களைவிடப் பலர். முதல் வகைக்குச் சட்டத்தில் வழி தெளிவாக இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் பிரிவு 3(1) பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழும் இழிவுபடுத்தலையும் சாதிப் பெயரால் ஏசுவதையும் தண்டிக்கிறது. யாரும் எதையும் சொல்லாமல், பணிப் பகிர்வுத் தாளிலும் மதிப்பெண் தாளிலும் மட்டும் நிகழும் பாகுபாட்டைக் குற்றவியல் சட்டத்தால் பிடிப்பது அரிது.

மருத்துவக் கல்வியில் இது புதிய கண்டுபிடிப்பு அன்று. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த சுக்தேவ் தோரட் குழு 2007இல் தன் அறிக்கையை அளித்தது. விடுதியில் ஒதுக்கப்படுவது, ஆசிரியரின் ஆதரவு கிடைக்காதது ஆகியவற்றோடு, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தாங்கள் நியாயமாக மதிப்பிடப்படுவதில்லை என்று அம்மாணவர்கள் கூறியதை அக்குழு பதிவு செய்தது. விடைத்தாளில் பெயர் மறைக்கப்படும் எழுத்துத் தேர்வைவிட, முகம் பார்த்து மதிப்பெண் இடும் தேர்வில் சாதி எளிதாக நுழைகிறது என்பதற்கு இது ஆவணச் சான்று.

சட்டம் சொல்வது

முகம் பார்த்து இடும் மதிப்பெண்ணை உச்ச நீதிமன்றம் நெடுங்காலமாகவே ஐயத்துடன் அணுகியிருக்கிறது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் 1980 நவம்பரில் வந்த தீர்ப்பு அவற்றுள் முதன்மையானது. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 என்ற பங்கீட்டை அது தன்னிச்சையானது என்று கண்டித்தது. நேர்காணலுக்கு மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் தரக் கூடாது என்றும், நேர்காணல்களை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் கூறியது. அடுத்த ஆண்டு லீலா தர் எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில், ஆளுமை முதிர்ந்த பின் நடக்கும் பணித்தேர்வில் நேர்காணலுக்குக் கூடுதல் இடம் தரலாம் என்றும், ஆளுமை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் மாணவப் பருவத்தில் எழுத்துத் தேர்வுக்கே அதிக எடை தர வேண்டும் என்றும் நீதிமன்றம் வேறுபடுத்தியது.

இவ்விரு தீர்ப்புகளும் சேர்க்கையையும் பணி நியமனத்தையும் பற்றியவை. பல வாரங்கள் தொடரும் வார்டு மதிப்பீட்டுக்கு அப்படியே பொருந்தா. கல்விசார் மதிப்பீட்டில் தலையிட நீதிமன்றங்கள் தயங்குகின்றன என்பதும் உண்மை. ஆயினும் அவற்றின் அடிப்படைக் கருத்து இங்கு முழுமையாகப் பொருந்துகிறது. பதினெட்டு, இருபது வயது மாணவரின் ‘தலைமை’ முடிந்த முடிபு அன்று. அது வளர்த்தெடுக்கப்பட வேண்டியது. அதை நிலைத்த குணமாகக் கருதி மதிப்பெண்ணில் பூட்டிவிடுவதை ஐயுற வேண்டும்.

மதிப்பீட்டை மறைத்து வைப்பது பற்றியும் தெளிவான சட்டநிலை உண்டு. தேவ் தத் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டுக் குறிப்பு எதுவாயினும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்றது. அவ்வழக்கில் அவருக்குக் கிடைத்திருந்த மதிப்பீடு ‘நன்று’ என்பதே. பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ தேவைப்பட்டதால் அந்த ‘நன்று’ அவருக்குக் கேடாயிற்று. தெரிவிக்காமல் விட்டது அரசமைப்புச் சட்டப் பிரிவு 14க்கு முரண் என்று நீதிமன்றம் கண்டது. ‘சராசரி’ என்று எழுதப்பட்டதே தெரியாமல் பட்டம் பெற்று வெளியேறும் செவிலிய மாணவருக்கும் இந்த நியாயத்தைக் கோர முடியும்.

மிக முக்கியமானது 2021 மார்ச்சில் வந்த நிதிஷா தீர்ப்பு. இராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்குவதற்கான மதிப்பீடு அதில் கேள்விக்குள்ளானது. நிரந்தரப் பணிக்கு வாய்ப்பே இல்லாத காலத்தில் பெண்களுக்கு எழுதப்பட்ட ஆண்டறிக்கைகள் அக்கறையின்றி எழுதப்பட்டிருந்தன. அவற்றையே பிற்பாடு ஆண்களோடு ஒப்பிடும் அளவுகோலாக வைத்தனர். தோற்றத்தில் எல்லோர்க்கும் பொதுவான அளவுகோல், வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களை விகிதம் மீறித் தாக்கினால் அது மறைமுகப் பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பாகுபாடு காட்டும் உள்நோக்கம் இருந்ததா என்பது அங்கு முடிவான கேள்வி அன்று; விளைவே கேள்வி. வாய்ப்புத் தராமல் தலைமையை அளக்கும் வார்டு மதிப்பீட்டுக்கு இதைவிட நெருங்கிய சட்ட ஒப்புமை இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்த 2012இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளும் நினைவுகூரத் தக்கவை. மதிப்பெண் குறைவுக்குச் சாதியைக் காரணமாக்கி இழிவாகப் பேசுவதும், ஆசிரியரைச் சந்திக்கச் சிலருக்கு மட்டும் குறைந்த நேரம் தருவதும், ஆய்வகத்துக்குள் அனுமதித்துவிட்டு வேலை செய்ய விடாமல் வெறுமனே நிறுத்தி வைப்பதும் அவற்றில் பாகுபாடாக வரையறுக்கப்பட்டுள்ளன. ஆய்வகத்தில் வெறுமனே நிறுத்துவது பாகுபாடு எனில், வார்டில் பொறுப்புத் தராமல் ஓரமாக நிறுத்துவதும் பாகுபாடே. சாதி அடிப்படையில் வேலை பகிர்ந்த சிறை விதிகளைச் சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. சிறைக்குள்ளேயே கூடாது என்றான வேலைப் பகிர்வு, கல்லூரி நடத்தும் பயிற்சி வார்டில் கூடுமா?

தரம் குறையும் என்ற வாதம்

‘மதிப்பீட்டில் சமூகநீதியை நுழைத்தால் நோயாளியின் பாதுகாப்பு பாதிக்கப்படும், அவசரச் சிகிச்சைப் பிரிவில் தலைமை தாங்கத் தெரியாதவரைத் தேர்ச்சி பெற வைக்க முடியுமா’ என்று கேட்பார்கள். கேள்வியில் உண்மை இருக்கிறது. நோயாளியின் நாடித்துடிப்பு தாழும்போது யார் மருத்துவரை அழைப்பது, யார் மருந்து எடுப்பது என்று நொடிப் பொழுதில் பிரித்துச் சொல்லத் தெரியாத செவிலியரால் உயிர் போகலாம். அதனால்தான் இத்திறனை எல்லா மாணவருக்கும் பயிற்றுவிக்க வேண்டும் என்கிறோம். ஆறு வாரமும் படுக்கை மாற்ற மட்டும் விடப்பட்ட மாணவியும் நாளை ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் தனியே இருப்பார். அவருக்குப் பொறுப்பேற்கும் பயிற்சி மறுக்கப்பட்டதன் விலையைச் செலுத்தப்போவது அவ்வூர் நோயாளி.

பாதுகாப்புக்கும் பாகுபாட்டுக்கும் உள்ள உறவைப் பிரிட்டன் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அங்குள்ள மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனையில் நோயாளிகள் கொடிய புறக்கணிப்புக்கு உள்ளானதை ஆராய்ந்த ராபர்ட் ஃபிரான்சிஸ் விசாரணையின் அறிக்கை 2013இல் வந்தது. தவறுகளைச் சுட்டிக்காட்டிய ஊழியர்களின் குரல் அடக்கப்பட்டதை அது வெளிப்படுத்தியது. மறு ஆண்டு, அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையின் உயர்பொறுப்புகளில் கறுப்பினத்தவரும் சிறுபான்மையினரும் எவ்வளவு அரிதாக இருக்கிறார்கள் என்பதை ரோஜர் க்லைன் ஓர் ஆய்வில் அம்பலப்படுத்தினார். அதன்பின் 2015இல் இனச் சமத்துவத் தர அளவீடு ஒன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்பது குறியீடுகளைக் கொண்ட அந்த அளவீடு, தனி ஊழியரின் தலைமைப் பண்பை அளக்காமல் நிறுவனத்தை அளக்கிறது: யார் பணிக்கு எடுக்கப்படுகிறார், யார் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகிறார், யாருக்குப் பயிற்சி கிடைக்கிறது, மேலே யார் இருக்கிறார். அதனால் அங்கு இனப்பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் எண்கள் ஆண்டுதோறும் பொதுவெளிக்கு வருகின்றன; மறுப்பது கடினமாகிறது. நம் செவிலியர் கல்லூரிகளில் சாதி பற்றிய இத்தகைய கணக்கை வெளியிடும் கட்டாயம் இல்லை.

தலைமை என்றால் என்ன என்பதையும் நாம் மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. 2017 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரமும் ஊதிய உயர்வும் கேட்டுச் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டனர். பல மாவட்டங்களிலிருந்து தோழியரைத் திரட்டி, கோரிக்கையை வகுத்து, அதிகாரத்தின் முன் நின்று பேசிய அந்தப் பெண்களிடம் இருந்ததுதான் தலைமைப் பண்பு. கல்லூரிப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இருந்தாலும் அது ‘ஒழுங்கீனம்’ என்ற கட்டத்திலேயே பதிவாகியிருக்கும்.

கோர வேண்டியவை

முதலாவதாக, பொறுப்புப் பதிவேடு வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் எத்தனை முறை இன்சார்ஜ் பொறுப்பு, ஹேண்ட் ஓவர், மருத்துவருடன் சுற்று, இளையோருக்குக் கற்பித்தல் ஆகியவை தரப்பட்டன என்று எழுதிவைத்து மாணவரிடம் கையொப்பம் பெற வேண்டும். குறைந்த அளவு வாய்ப்புத் தரப்படாத மாணவருக்குத் தலைமைப் பண்பில் மதிப்பெண் இடுவதையே தடை செய்ய வேண்டும்.

இரண்டாவதாக, குணத்துக்கு மதிப்பெண் இடாமல் செயலுக்கு இட வேண்டும். ‘தலைமைப் பண்பு: 10’ என்ற ஒற்றை வரியை நீக்கி, பணிகளைப் பிரித்துக் கொடுத்தாரா, ஆபத்தான அறிகுறியை உரியவருக்கு உரிய நேரத்தில் தெரிவித்தாரா, பிழை நேர்ந்தபோது அறிக்கை செய்தாரா என்று கண்ணால் காணத்தக்க செயல்களை எழுத வேண்டும். ஆங்கிலச் சரளத்தையும் தோற்றத்தையும் தலைமையின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. நோயாளியிடம் தமிழில் தெளிவாகப் பேசுவது தகவல் தொடர்புத் திறனாக மதிக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, ஒருவருக்கு மேற்பட்டோர் மதிப்பிட வேண்டும். பருவத்தின் நடுவிலேயே எழுத்துமூலம் காரணத்துடன் மாணவருக்குத் தெரிவித்து, திருத்திக்கொள்ளக் காலம் தர வேண்டும். மேல்முறையீட்டைக் கேட்கும் குழுவில் தலித், பழங்குடி உறுப்பினர்கள் இருக்க வேண்டும்.

நான்காவதாக, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அக மதிப்பெண்ணையும் புற மதிப்பெண்ணையும் சமூகப் பிரிவு வாரியாக, பெயரின்றி, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பல்கலைக்கழக எழுத்துத் தேர்வில் நெருங்கி நிற்கும் இரு பிரிவினர் அக மதிப்பீட்டில் மட்டும் விலகி நின்றால், அக்கல்லூரியே காரணம் சொல்லக் கடமைப்பட்டது.

இக்கோரிக்கைகளை எழுப்ப உரிய களமும் உண்டு. 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2023இல் தேசிய செவிலிய, பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டத்தை இயற்றியது. கல்வி, நிறுவன மதிப்பீடு மற்றும் தரவரிசை, நெறி மற்றும் பதிவு ஆகியவற்றுக்கு மூன்று தனி வாரியங்களை அச்சட்டம் வகுக்கிறது. கல்லூரிகளைத் தரப்படுத்தும் வாரியத்தின் அளவுகோல்களில், சாதிவாரி மதிப்பெண் இடைவெளியும் வாய்ப்புப் பதிவேடும் இடம்பெற வேண்டும் என்பதைத் தலித் அமைப்புகளும் செவிலியர் சங்கங்களும் இணைந்து முன்வைக்க வேண்டும்.

மாணவத் தோழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தரப்படும் வார்டுப் பணிகளை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுங்கள். ஒரே வகுப்புத் தோழர்கள் நால்வர் எழுதினால் ஒப்பீடு கிடைக்கும். உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தின் நகலையும் அளவுகோலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். தேர்வெழுதியவர் தம் விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. தனியார் கல்லூரியாயின் விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள். சட்டப்படி பல்கலைக்கழகம் பெறத்தக்க தகவல் உங்களுக்கும் உரியது. 2012 ஒழுங்குமுறைகளின்படி உங்கள் கல்லூரியில் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்பவரைக் குறிவைப்பது எளிது என்பதால் கூட்டாகக் கையொப்பமிட்டுக் கேளுங்கள்.